இறுப்பிட்டி வைத்தியம்

"ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்கேலாது" என்று என்னைப் பெற்ற ஐயா அடிக்கடி சொல்வார். பெண்கள் பக்கத்தில் இருந்தால் மரியாதைக்காக அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "ஆத்திரத்தை அடக்கலாம், மற்றதை அடக்கேலாது" என்பார். சொல்லிவிட்டு எழுந்து கல்வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். நெடுந்தீவில் கல்வேலிக்குப் பஞ்சமில்லை. ஆண்பிள்ளைகளுக்கு எந்த வேலியும் போதும்.

அந்தப் பழமொழியை உண்டாக்கியவரும் ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு. அடக்கேலாது என்று சபையில் எழுந்து சொல்கிற தைரியம் வேறு யாருக்கு வரும்? நாங்கள் இரண்டையும் அடக்கி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அடக்கினோம், திருவிழாவில் அடக்கினோம், கலியாண வீட்டில் கூறைச் சேலையோடு மணவறையில் இருந்து அடக்கினோம். அதனால் எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அடக்க ஏலாமல் போனபோது, உடம்பில் ஏதோ பழுது என்று எனக்குத் தோன்றவில்லை. என் வளர்ப்பில்தான் பழுது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில். நான் நாரந்தனையில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் புகையிலைத் தோட்டம் செய்தார். வீட்டில் அவரைப் பெற்ற மாமியும் நாங்களும் மூன்று பிள்ளைகளும். மூன்றாவதும் ஆண்பிள்ளை, நல்ல கனம், ஒரு பகலும் இரவும் என்னைப் பாடாய்ப்படுத்திப் பிறந்தான். துடக்குக் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு தும்மல் தும்மினேன். சேலை நனைந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் குடம் தூக்கினேன், நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு பகிடி சொன்னாள். அதற்குச் சிரித்ததுதான் தாமதம், உள்ளே ஓடவேண்டி வந்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நான் ஒரு சிரிப்புக்காரி. செத்த வீட்டில்கூடச் சிரித்துவிடுவேனோ என்று அம்மா பயந்து என்னைப் பின்னால் இருத்தி வைப்பார். அப்படிப்பட்டவள் சிரிப்பதை நிறுத்தினேன். யாராவது பகிடி சொல்லத் தொடங்கினால் காலைப் பின்னிக்கொண்டு வேலியைப் பார்த்தேன். கூட்டத்துக்குப் போவதைக் குறைத்தேன், போனாலும் வாசலோரம் இருந்தேன். ஊருக்கு இது நன்றாகப் பிடித்துப்போனது. "மூண்டு பிள்ளையளுக்குப் பிறகுதான் அவளுக்கு ஒரு அடக்கம் வந்திருக்கு" என்று ஒரு பெண் மாமியிடம் புகழ்ந்தது என் காதில் விழுந்தது. அடக்க முடியாமல் தவித்த காலத்தில்தான் எனக்கு அடக்கமானவள் என்று பெயர் கிடைத்தது. அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தேன். வெளியே போகும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் விட்டேன். எரிவு கண்டதுதான் மிச்சம். கருநீலச் சேலைகளாகப் பார்த்து உடுத்தேன். பழஞ்சீலைத் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டேன். எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம் பற்றை இருக்கிறது என்று அந்தக் கோயிலின் ஐயருக்கே என்னளவு தெரிந்திருக்காது.

இதெல்லாவற்றையும் சமாளித்தேன். ஒன்றை மட்டும் சமாளிக்க முடியவில்லை. நெடுந்தீவு வள்ளம்.

என் பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பஸ் ஏறிப் புங்குடுதீவின் கரையில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கே மோட்டர் வள்ளம் வரும்வரைக்கும் வெயிலில் நின்று, பிறகு கடலில் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ அலை தூக்கிப் போடுவதைத் தாங்கவேண்டும். ஆண்கள் வள்ளத்தின் முன்முனைக்கு, அணியத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொள்வார்கள். மற்றவர்கள் கடலில் கொக்குப் பார்ப்பார்கள். பெண்களுக்கு அந்த வள்ளத்தில் இருப்பதற்கே இடம் போதாது. நான் போகாமல் விட்டேன். முதலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பிறகு புகையிலை வெட்டு என்றேன். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

தம்பி இடைக்கிடை வருவான். ஒருமுறை ஒரு போத்தல் நெய்யோடு வந்தவன், போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஐயா ஒண்டு கேட்டுவரச் சொன்னவர். அந்தச் சிவத்தப் பசுவாலைதான் உங்களுக்கு ஆத்திரமோ எண்டு."

எனக்குத் தருவதாக ஐயா சொல்லியிருந்த சிவத்தப் பசுவை, தம்பியின் கலியாணத்தில் பெண்வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள். சத்தியமாக நான் அதை மறந்தே போயிருந்தேன். ஆனால் நெடுந்தீவு முழுக்க, ஒரு மாட்டுக்காகத் தகப்பனை வெறுத்த மகள் என்று என்னைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் என்ன பதில் சொல்லி அனுப்புவேன்? ஆத்திரமில்லை, மற்றது என்று தம்பியிடம் சொல்ல முடியுமா? "ஒண்டுமில்லையெண்டு சொல்லு" என்றேன். ஒன்றுமில்லை என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தம்பிக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

எனக்கும் உள்ளே ஒரு மனத்தாங்கல் இருந்தது. மூத்த பிள்ளைகள் இரண்டுக்கும் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்து நின்று எல்லாம் நடத்திய ஐயா, இந்தக் கடைக்குட்டியைப் பார்க்க ஒருமுறையும் வரவில்லை. மகள்தான் வரவில்லை, தான் வந்தால் என்ன குறைந்துவிடுவாரா? அவரும் முறுக்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அன்று தம்பி போன பிறகு குசினியில் இருந்து நன்றாக அழுதேன்.

எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவிச்சி ஐம்பது வயதுக்காரி, வாயும் கையும் ஒன்றாக ஓடும் மனுஷி. ஒருநாள் அவர் வந்திருந்தபோது நான் கிணற்றடியில் நின்று ஒரு தும்மல் தும்மினேன். கால்கள் இரண்டும் தாமாகவே பின்னிக்கொண்டன. அவர் கையிலிருந்த வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"எப்ப தொடக்கம் பிள்ளை?"

நான் குடத்தைக் கழுவத் தொடங்கினேன். அவர் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் அதிர்ச்சியடையாதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் வந்த வருத்தம் என்று நினைத்திருந்தேனே.

"உன்ரை கடைக்குட்டி படுக்கிற ஏணையைப் பார்" என்றார். விறாந்தையில் தொங்கிய சீலை ஏணையில் அவன் நித்திரையாய்க் கிடந்தான். இரண்டு வயதாகியும் ஏணை இல்லாமல் படுக்கமாட்டான். ஏணை நிலத்தை முட்டிக்கொண்டிருந்தது. "புதுசிலை எப்பிடி இறுக்கமா நிண்டது? இப்ப தொய்ஞ்சு போச்சு. உனக்குக் கீழையும் அப்பிடியொரு ஏணை இருக்கு, தசையாலை. மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் அதுதான் தாங்கி வைச்சிருக்கிறது. மூண்டு பேரைச் சுமந்து பெத்ததிலை அது தொய்ஞ்சு போச்சு. சீலையை நாங்கள் அவிட்டுக் கட்டலாம். இதை நீதான் உள்ளையிருந்து இறுக்கவேணும்."

"எப்பிடி?"

"சபையிலை இருக்கேக்கை வாயு பறியப் பாத்தால் என்ன செய்வாய்? அந்த மாதிரி உள்ளை இழுத்து இறுக்கிப் பிடி. வயித்தை எக்காதை, மூச்சைப் பிடிக்காதை, தொடையை நெரிக்காதை. பிறகு முழுசா விடு. விடத் தெரியாதவளுக்குப் பிடிக்கவும் வராது. இறுக்கிப் பிடி... விடு. இறுக்கிப் பிடி... விடு. ஒவ்வொரு நாளும் செய். தும்மல் வரப்போகுதெண்டால் அதுக்கு முதல் பிடி. குடம் தூக்கேக்கையும் பிடி. தண்ணி குடியாமல் மட்டும் விடாதை, விசரி."

தண்ணீர் குடித்தால் கூடுமே என்று கேட்டேன். "குடியாட்டில்தான் கூடும்" என்றார். மலச்சிக்கல் வராமல் பார்க்கச் சொன்னார், முக்காதே என்றார். போகும்போது படலையில் நின்று, நான் எங்கே மறந்துவிடுவேனோ என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்: "என்ன பிள்ளை, விளங்கினதே? இறுக்கிப் பிடி, விடு!"

குசினியில் மாமி திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமியின் காது செவிடில்லை. வேண்டியதைக் கேட்கும், வேண்டாததைக் கேட்காது. அன்று அது என்ன கேட்டது என்று பின்னேரம்தான் எனக்குத் தெரிந்தது.

"எப்ப போறம் பிள்ளை?"

"எங்கை மாமி?"

"மருத்துவிச்சி சொல்லிப்போட்டுப் போனாவே, இறுப்பிட்டி வீடு எண்டு. ஒவ்வொரு நாளும் எண்டால் எங்களுக்குக் கட்டாது. ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வருவம்."

இறுப்பிட்டி புங்குடுதீவில் இருக்கிற ஊர். இறுக்கிப் பிடி இறுப்பிட்டியாகியிருந்தது. விடு, வீடாகியிருந்தது. திருவலைச் சத்தத்துக்குள் மாமி ஓர் ஊரையும் அதில் ஒரு வைத்தியர் வீட்டையும் கட்டி எழுப்பிவிட்டார். நான் அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்துவதென்றால், எதை இறுக்கிப் பிடிப்பது, எதற்காகப் பிடிப்பது என்று மாமியாருக்கு நான் விளக்கவேண்டும். அதைவிட இறுப்பிட்டிக்கு நடந்தே போகலாம் என்று பட்டது.

என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டார். "இஞ்சேரும், இறுப்பிட்டியிலை என்ன அலுவல்?"

மாமி முந்திக்கொண்டார். "பொம்பிளையளின்ரை விசயம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குத் தோட்டத்தில் வேலையே இல்லை.

மாமிக்கு இருந்த அவசரம் எனக்கு விளங்கவில்லை. மருமகளின் சுகத்தில் இவ்வளவு அக்கறையா என்று உருகிப்போனேன். விடியப்புறம் எழும்பி, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, வேலணையில் பஸ் மாறி, வெயில் ஏறமுன் இறுப்பிட்டியில் இறங்கினோம். கடைக்காரரிடம் மாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, இஞ்சை வைத்தியம் பாக்கிற வீடு ஒண்டு இருக்காம்."

"என்ன வைத்தியம் அம்மா?"

மாமி அங்குமிங்கும் பார்த்தார். "அடி தள்ளுறதுக்கு" என்றார், கர்ப்பப்பை கீழிறங்குவதை ஊரில் சொல்கிற மாதிரி.

"ஓ, அதுக்கு ஆள் இருக்கிறார். கோயிலுக்குப் பின்னாலை போங்கோ. கைராசிக்காரன்."

கைராசிக்காரரின் வளவில் இரண்டு பசுக்களும் ஒரு நாம்பனும் கட்டி நின்றன. வசதியான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வைத்தியம் பார்க்கும் அந்தப் பரியாரியார் சால்வையை உதறித் தோளில் போட்டபடி வந்து, எங்களை இருத்தி, மாமியிடம் விசாரித்தார்.

"எத்தினை ஈத்து?"

மாமி ஒரு கணம் யோசித்தார். வைத்தியர்கள் ஒரு மாதிரித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். "மூண்டு" என்றார்.

"கடைசி ஈத்து எப்ப?"

"ரெண்டு வருசம் கழிஞ்சிட்டுது."

"இப்ப பால் இருக்கோ?"

"இல்லை, பால் மறந்திட்டுது."

"தீன் எப்பிடி, நல்லாத் தின்னுதோ?"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கொரு குறையுமில்லை."

"அப்ப பயப்பிடாதேங்கோ. பின்னங்கால் மேட்டிலையும் முன்னங்கால் பள்ளத்திலையும் நிக்கிற மாதிரிக் கட்டுங்கோ. நான் வந்து கையாலை தள்ளிவிடுறன். எங்கை கட்டி நிக்குது?"

"கட்டேல்லை" என்றார் மாமி மெதுவாக. "இந்தா, பக்கத்திலை இருக்கிறா."

பரியாரியார் என்னைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அந்த மனுஷனின் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "ஐயோ பிள்ளை, நான் மாட்டுப் பரியாரி" என்று எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு வெட்கத்தை மறைக்க மனைவியைக் கூப்பிட்டு எங்களுக்குக் கருப்பணி வார்க்கச் சொன்னார். அன்று பனையில் இறக்கிய, புளிக்காத இனிப்புப் பதநீர்தான் கருப்பணி. வேண்டாம் என்றால் இன்னும் நோகும் என்று பனையோலைப் பிளா நிறையக் குடித்தோம். கொண்டுபோக ஒரு போத்தலும் தந்தார்கள்.

திரும்பப் பஸ் ஏறினோம். பின் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பாலத்தில் பஸ் ஏறியபோது மாமி வெளியே கடலைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல, "தீன் நல்லாத் தின்னுதோ" என்றார்.

இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவ்வளவும் வெளியே வந்தது. காலைப் பின்னினேன், பல்லைக் கடித்தேன், பரியாரியாரின் கூப்பிய கைகள் கண்ணுக்குள் வந்து வந்து நின்றன. பிளா நிறைந்த கருப்பணியும் சேர்ந்துகொண்டது. நடக்கவேண்டியது நடந்துவிட்டது. ஆசனம் நனைந்து, சேலை நனைந்து, கீழே தெரியத் தொடங்கியது. முன் ஆசனத்துப் பெண் எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கினாள். என் சிரிப்பு அந்த இடத்திலேயே செத்தது. கடலுக்குள் குதித்துவிடலாமா என்று இருந்தது.

அப்போது மாமி மடியிலிருந்த போத்தலின் கடதாசி அடைப்பானைப் பிடுங்கி, முழுக் கருப்பணியையும் என் மடியில் கவிழ்த்தார்.

"ஐயோ, என்ரை கருப்பணி!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார். "நல்ல கருப்பணி எல்லாம் ஊத்துப்பட்டுப் போச்சே! என்ரை கை விளங்காத கை!"

பஸ் முழுவதும் கருப்பணிக்காகத் துக்கப்பட்டது. கொண்டக்டர் வந்து அனுதாபம் சொன்னார். முன் ஆசனத்துப் பெண் துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தாள். நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பிடித்தேன்.

பஸ்ஸால் இறங்கிப் பனங்கூடலுக்குள்ளால் நடந்தபோது, கருப்பணி இனிப்புக்கு இலையான்கள் மொய்த்துக்கொண்டு என்னை ஊர்வலமாகத் தொடர்ந்தன. மாமி பின்னுக்கு நின்று தன் சேலையின் பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தார். அதுவும் நனைந்திருந்தது.

"உங்களிலையும் ஊத்துப்பட்டிட்டுதோ மாமி?"

"போத்தல் உன்ரை மடியிலைதான் ஊத்துப்பட்டது" என்றார். "இது என்ரை."

நான் நின்றுவிட்டேன். மாமி பனையொன்றில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பெற்ற காலத்தில் தொடங்கியதாம். இப்போது அடியில் ஏதோ இறங்கி வந்து தட்டுப்படுகிறதாம். "உன்ரை மாமாவுக்கும் தெரியாது. கண்ணை மூடுமட்டும் நான் சொல்லேல்லை. நீ மட்டும்தான் எண்டோ நினைச்சனீ?" மாமி தேருக்கு வடம் பிடிக்க வராமல் கடைசி வரிசையில் நிற்பதும், பூசை முடியமுன் வீட்டுக்கு நடப்பதும், தூர இடத்துக் கலியாணங்களுக்குத் தலையிடி வருவதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. பெருமைக்காரி என்று ஊரோடு சேர்ந்து நானும்தான் நினைத்திருந்தேன். இறுப்பிட்டி வீட்டுக்கு மாமி பட்ட அவசரம் எனக்காக மட்டுமில்லை.

பிறகென்ன, மருத்துவிச்சியைத் திரும்பக் கூப்பிட்டோம். நடந்ததைக் கேட்டு அவர் கிணற்றுக்கட்டில் இருந்து சிரித்த சிரிப்பில் அவருக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். மாமியை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, இது பிடித்து விடுவதால் மட்டும் சரிவராது, அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்றார். அங்கே ஒரு பெண் டொக்டர் கர்ப்பப்பையைத் தாங்க ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டார். தவணைக்குத் தவணை வந்து காட்டச் சொன்னார். வீடு வந்து சேர்ந்த மாமி என் காதுக்குள் சொன்னார்: "மாமா இருக்கேக்கை எனக்கொரு சோடி காப்புச் செய்து தாறன் எண்டு சொல்லிச் சொல்லியே போயிட்டார். இப்ப கவுண்மேந்து போட்டுவிட்டிருக்கு. ஒருத்தருக்கும் காட்டேலாத காப்பு."

எனக்குப் பிடிப்பதும் விடுவதும்தான் வைத்தியம். சும்மா சொல்லக்கூடாது, முதல் மாதம் நான் செய்தது முழுப் பிழை. வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, கண் பிதுங்க நின்றேன். பிள்ளைகள் பேய் பிடித்துவிட்டது என்று தகப்பனிடம் சொன்னார்கள். மருத்துவிச்சி வந்து, "முகத்தாலை பிடிக்கிறாய், கீழாலை பிடி" என்று திருத்தினார். அதன் பிறகும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றிருந்தபோது மாமிதான் விடவில்லை. தானும் என்னோடு சேர்ந்து செய்யத் தொடங்கினார். ஆட்கள் இருக்கும்போது கேட்பதற்கு எங்களிடம் ஒரு சொல் தயாராக இருந்தது.

"இண்டைக்கு இறுப்பிட்டிக்குப் போனனீயே?"

"ஓம் மாமி. தேத்தண்ணி ஊத்தேக்கை ஒருக்கால், விளக்கு வைக்கேக்கை ஒருக்கால். நீங்கள்?"

"நான் இப்ப போய்க்கொண்டுதான் இருக்கிறன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இஞ்சேரும், உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன விசரே?" பொம்பிளையளின்ரை விசயம் என்று மாமி சொல்லமுன், சோற்றுக் கோப்பையோடு வெளியே போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதில் ஒரு சோதனை வைப்பதென்றால் தூளுக்கு மிளகாய் வறுக்கும் நாளைத்தான் வைக்கவேண்டும். அந்தக் காரம் மூக்கில் ஏறினால் தும்மாத மனுஷர் கிடையாது. சில மாதம் கழித்து அப்படியொரு நாளில் அடுப்பின் முன் நின்று வரிசையாகத் தும்மினேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிடித்தேன். கடைசித் தும்மலுக்குப் பிறகு சேலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும்தான் தண்ணீர். வாசலில் மாமி நின்றார். "நெடுந்தீவுக்கு எப்ப போறம்?" என்று மட்டும் கேட்டார்.

முற்றாக மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வள்ளம் ஏற எனக்குப் பயமில்லை. வழக்கம்போலத் தண்ணீர் குடித்தேன். ஏறமுன் ஒருக்கால் போனேன். பாதிக் கடலில் உந்தல் வந்தபோது பதறாமல் இறுப்பிட்டிக்குப் போனேன், அது அடங்கியது. பக்கத்தில் மாமி கடைக்குட்டியை மடியில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் தேவாரம் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நெடுந்தீவு தெரியும் இடத்தில் ஒரு பெரிய அலை எழும்பி வள்ளத்தில் இருந்த அத்தனை பேரையும் தலையோடு நனைத்தது. ஆண், பெண், சிறுசு, பெரிசு, எல்லோரும் ஈரம். இந்த ஈரத்துக்குப் பயந்தா இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தேன் என்று சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். மாமி என்னைப் பார்த்து, "பிடிச்சுக்கொண்டு சிரி" என்றார்.

வருகிறோம் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்ததால் ஐயா துறையில் நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். பின்னால் ஒரு பூவரசில் ஒரு சிவத்த நாகு கன்று கட்டியிருந்தது. சிவத்தப் பசுவின் கன்று என்று பார்த்ததும் தெரிந்தது. சம்பந்தி வீட்டில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நான் இறங்கியதும் என் முகத்தைப் பாராமல் கன்றின் பக்கம் கையைக் காட்டினார்.

"உன்ரைதான். போகேக்கை கொண்டு போ. ஆத்திரம் தீர்ந்ததே பிள்ளை?"

இரண்டு வருஷம் இந்த மனுஷன் ஒரு பசுவை நினைத்து நினைத்து மெலிந்திருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை நடுத்துறையில் நின்று சொன்னேன்.

"எனக்கு ஆத்திரமில்லை ஐயா. ஒருநாளும் இருக்கேல்லை." குரலைத் தாழ்த்தினேன். "மற்றது."

ஐயா விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. வள்ளத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நீங்கள் ஏன் ஐயா வரேல்லை? கடைக்குட்டியை இண்டைக்குத்தானே பாக்கிறியள்."

கல்வேலிக்கு அந்தப் பக்கம் தைரியமாக எழுந்து போன என் ஐயா, பெருவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் மற்றதுதான் பிள்ளை" என்றார். "இப்ப அணியத்துக்குப் போய் நிண்டாலும் வராது. வந்து இருந்தால் சொட்டுது. வள்ளத்திலை பொம்பிளையள் இருப்பினம். நான் எப்பிடி..."

ஒரே கடலுக்கு இரண்டு கரையிலும் இருந்து, ஒரே காரணத்துக்காக, ஒருவர்மேல் ஒருவர் கோபமென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் மாமி கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து சேர்ந்தார். காதில் எவ்வளவு விழுந்ததோ தெரியாது. வேண்டியது விழுந்திருக்கிறது.

"அண்ணை" என்றார் ஐயாவிடம். "முதலிலை உங்களை ஆஸ்பத்திரியிலை காட்டுவம். பிறகு இறுப்பிட்டிக்கும் ஒருக்கால் போகத்தான் வேணும்."

"இறுப்பிட்டியிலை என்ன?" என்றார் ஐயா, ஒன்றும் விளங்காமல்.

எனக்கும் மாமிக்கும் அதற்கு மேல் சிரிப்பைப் பிடிக்க ஏலவில்லை.